கீழ்த்தளத்துக்கு மட்டும் சிறுநீர்க் குப்பி

நடுச்சாமக் கணக்கன் | செவ்வாய், இரவு 11.52

கொழும்பில் தெமட்டகொடைப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம், சொன்னால் நாளைக்கு என் கதிரையில் வேறு ஆள் இருப்பான். இங்கிலாந்தில் உள்ள சின்னச் சின்னக் கணக்காளர்களின் கணக்குகளை நாங்கள் இங்கிருந்து முடித்துக் கொடுக்கிறோம். அவர்களுக்குக் காலை ஒன்பது என்றால் நமக்குப் பிற்பகல் இரண்டரை. அவர்கள் வருமான வரிப் படிவத்தை இணையவழியில் அனுப்ப ஜனவரி 31 கடைசி நாள். ஆகவே ஜனவரி முழுவதும் எங்களுக்கு இரவு பதினொன்றுக்கு வேலை முடிவதில்லை. இரண்டு மணி, சில நாள் மூன்று.

நேற்று மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: "போதையற்ற வேலைத்தளம்". நாட்டில் நடக்கும் போதை ஒழிப்பு இயக்கத்துக்கு எங்கள் நிறுவனத்தின் பங்களிப்பாம். இன்று வாகனத் தரிப்பிடத்தில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொருவரின் கையிலும் ஒரு குப்பியைக் கொடுத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் காவலாளிகள், துப்புரவு செய்யும் அக்காமார், சாரதிகள், தேநீர் கொண்டுவரும் தம்பி. மேல்மாடிகளுக்கு "இரண்டாம் கட்டத்தில்" நடக்குமாம்.

எங்கள் வாசலில் நிற்கும் காவலாளி ஐயாவுக்கு அறுபது வயது நெருங்குகிறது. நான் அதிகாலையில் இறங்கும்போது ஆட்டோ வரும்வரை கூடவே நிற்பார். அந்தச் சோதனைப் பட்டையில் ஒரு விசித்திரம் இருக்கிறது: கோடு விழுந்தால் நிரபராதி, விழாவிட்டால் குற்றவாளி. ஐயாவுக்கு அது தெரியாது. தன் பட்டையில் ஓரிடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "துப்புரவாக இருக்கிறது, இல்லையா தம்பி?" என்று என்னிடம் சந்தோஷமாகக் கேட்டார்.

அபின் வகைக்கு நேரே இருந்த கோடுதான் விழவில்லை. இரண்டு கிழமையாக மனிதருக்கு இருமல். பையில் இருமல் மருந்துப் போத்தல் இருந்தது, எடுத்துக் காட்டினார். மேசைக்காரர் அதைப் பார்க்கவே இல்லை. மூன்று நாள் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் மாடியில் என் வரிசையில், ஜனவரி இருபதுக்குப் பிறகு யாருடைய இழுப்பறை எத்தனை மணிக்குத் திறந்து மூடுகிறது என்பது சத்தத்திலேயே எனக்குத் தெரியும். உள்ளே இருப்பது பனடோல் அல்ல. இந்தக் கூத்து யாருக்காக?

மருதானைப் பழசு | புதன், காலை 6.10

தம்பி, இது உங்கள் நிறுவனம் கண்டுபிடித்த கூத்து இல்லை. நாட்டில் பாடுவதற்கு ஏற்ப அவர்களும் தாளம் போடுகிறார்கள்.

1984 இல் சட்டத்தைத் திருத்தி, இரண்டு கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்றார்கள். 1976 க்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவரையும் தூக்கில் போட்டதில்லை. 2019 இல் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நான்கு பேரின் மரண ஆணையில் கையெழுத்திட்டதாக அறிவித்தார்; தூக்குப் போடுவதற்கு ஆள் தேடிப் பத்திரிகையில் விளம்பரமும் வந்தது. உயர் நீதிமன்றம் நிறுத்தியது. 2022 இல் ஐஸ் என்னும் மெத்தாம்பெட்டமைனையும் சேர்த்து, ஐந்து கிராமுக்கு அதே தண்டனை என்றார்கள். 2023 டிசம்பரில் "யுக்திய" என்ற பொலிஸ் வேட்டை. ஆயிரமாயிரமாகப் பிடித்தார்கள், இரவு எட்டு மணிச் செய்தியில் சந்துகளுக்குள் நாய்கள் ஓடின. அதை முன்னின்று நடத்திய பொலிஸ் மா அதிபரையே 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் பதவியிலிருந்து தூக்கிவிட்டது. அதே ஆண்டு ஒக்டோபர் 30 அன்று சுகததாச உள்ளரங்கில் "முழு நாடுமே ஒன்றாக" என்ற புதிய போதை ஒழிப்பு இயக்கம் தொடங்கியது.

எல்லாக் கட்சியும் ஒரே கடையில் பதாகை அடிக்கிறது, பெயர் மட்டும் வேறு. நடுவில் 2025 பெப்ரவரியில் அளுத்கடை நீதிமன்றத்துக்குள் சட்டத்தரணி வேடத்தில் ஒருவன் வந்து ஆளைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி வந்தது உள்ளே வெட்டிக் குடையப்பட்ட சட்டப் புத்தகத்துக்குள். நம் சட்டப் புத்தகங்கள் எதற்குப் பயன்படுகின்றன என்பதை அவ்வளவு சுருக்கமாக வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது.

குளிசைக்கடை | புதன், காலை 9.35

முதலில் காவலாளி ஐயாவின் விஷயம். வெள்ளவத்தையில் மருந்தகம் வைத்திருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

சில இருமல் மருந்துகளில் கோடீன் இருக்கிறது. உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பங்கு மோர்பினாக மாறுகிறது. பட்டைக்கு மோர்பின் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஹெரோயின் எடுக்கும் குடுக்காரனுடையதா, இருமல்காரனுடையதா என்று பிரித்துச் சொல்லவும் தெரியாது. அது வெறும் முதற்சல்லடை. அதில் மாட்டினால் ஆய்வுகூடத்தில் இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். அதற்கு முன் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது, மழை மேகத்தைப் பார்த்துவிட்டு வெள்ள நிவாரணத்தைக் கணக்கெழுதுவது மாதிரி.

அடுத்தது, பட்டைக்குக் காலம் பிடிபடாது. ஐஸ் சிறுநீரில் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் போய்விடும். நாள்தோறும் கஞ்சா பிடிப்பவருக்கு வாரக்கணக்கில் நிற்கும். வெள்ளிக்கிழமை இரவு ஐஸ் அடித்தவர் புதன்கிழமை நிமிர்ந்து நிற்பார்; போன மாதம் கஞ்சாவை விட்டவர் தலை குனிவார்.

மூன்றாவதாக, உங்கள் மூன்றாம் மாடி. என் கடைக்குப் பிரெகாபலின் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேருடைய கழுத்தில் நிறுவன அடையாள அட்டை தொங்குகிறது. நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் மருந்து அது. கைத்தொலைபேசியில் ஒரு மருந்துச் சீட்டின் படத்தைக் காட்டுவார்கள்; ஒரே சீட்டை நான்கு பேரின் தொலைபேசியில் பார்த்திருக்கிறேன், மடிப்பு விழுந்த இடம்கூட ஒன்றுதான். இல்லை என்று சொன்னால் "அக்கா, அடுத்த கடையில் தருகிறார்கள்" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள். வழக்கமாக வாங்கும் மலிவான பட்டைகளில் பிரெகாபலின் தெரியவே தெரியாது. ஆகவே உங்கள் இரண்டாம் கட்டம் நடந்தாலும் இழுப்பறைகள் பத்திரமாக இருக்கும்.

சும்மா வந்தவன் | புதன், காலை 10.02

ஏற்றுமதிக்குக் கஞ்சா வளர்க்க வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கொடுத்த நாட்டில் தேநீர்த் தம்பியின் குப்பியைச் சோதிக்கிறார்கள். டொலர் கொண்டுவந்தால் மூலிகை, ரூபாய் கொண்டுவந்தால் போதைப்பொருள்.

பழம்புத்தகம் | புதன், பிற்பகல் 1.20

ஐஸ் என்று நாம் சொல்லும் மெத்தாம்பெட்டமைனை 1893 இல் முதன்முதலில் செய்தவர் நாகாய் நாகயோஷி என்ற ஜப்பானிய விஞ்ஞானி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது அங்கே "பிலோபோன்" என்ற பெயரில் குளிசையாக விற்பனைக்கு வந்தது. கிரேக்க மொழியில் உழைப்பை நேசிப்பது என்று பொருள் வரும் சொல்லிலிருந்து எடுத்த பெயர். சிப்பாய்க்கும் கொடுத்தார்கள், ஆயுதத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர்களுக்கும் கொடுத்தார்கள். ஜெர்மன் படைக்கு "பெர்விற்றின்". போர் முடிந்ததும் மிச்சமிருந்த சரக்கு சந்தைக்கு வந்து ஜப்பானே ஆடிப்போனது. 1951 இல்தான் தனிச் சட்டம் போட்டு அடக்கப் பார்த்தார்கள்.

வேலைத்தளத்துக்குள் போதை பின்கதவால் நுழைந்தது என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். முன்கதவால், கொள்முதல் சீட்டோடு வந்தது. நம் ஊரிலும் வெள்ளைக்காரன் காலத்தில் சாராயக் குத்தகை பெரிய அரச வருமானம். வேலை செய்ய வைப்பதற்குக் கொடுத்தால் அது மருந்து. வேலை செய்கிறவன் தானாக எடுத்தால் ஒழுக்கக்கேடு.

கிராண்ட்பாஸ் அக்கா | புதன், மாலை 5.48

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சோதிக்கத்தான் வேண்டும்.

என் தம்பி கொள்கலன் லொறி ஓட்டுகிறான். துறைமுகத்தில் வரிசை நகராவிட்டால் லொறிக்குள்ளேயே இரண்டு இரவு. வரிசை நகரும் நேரத்தில் தூங்கிவிட்டால் பின்னால் நிற்பவன் முந்திவிடுவான், நடை போய்விடும். நடைக்குத்தான் காசு, மணித்தியாலத்துக்கு இல்லை. விழித்திருப்பதற்கு முதலில் பிளேன்டீ குடித்தான். பிறகு வெற்றிலை. பிறகு நடை பிடித்துக் கொடுக்கும் ஆள் ஒரு சின்னப் பொலித்தீன் பையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். இனாமாக இல்லை. நடைக்காசில் கழித்துக்கொள்வான். அதை அம்மாவின் கொப்பியில்தான் கண்டுபிடித்தேன். தம்பி கொண்டுவரும் காசை அம்மா நாள்தோறும் எழுதிவைப்பார். திடீரென்று ஒவ்வொரு நடையிலும் ஒரே தொகை குறைந்துகொண்டே வந்தது. அம்மா அதற்கு நேரே "டயர்" என்று எழுதியிருந்தார். அவன் அப்படித்தான் சொல்லியிருக்கிறான்.

போன வருடம் பேலியகொடைப் பக்கத்தில் ஒரு மதிலில் மோதினான். ஆள் தப்பிவிட்டான், மதிலுக்குப் பக்கத்தில் அந்த நேரம் யாரும் இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரமாக இருந்திருந்தால்? லொறியில் எங்கே போகிறது, எவ்வளவு வேகம் என்று முதலாளியின் தொலைபேசிக்குச் சொல்லும் கருவி இருக்கிறது. எந்த இடத்தில் பிரேக் பிடித்தான் என்பதுகூட அதில் வந்ததாம். ஐம்பது மணித்தியாலமாக அந்த ஆள் இறங்கவில்லை என்பதும் அதில்தானே வந்திருக்கும்? அதை யாரும் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை.

அதற்காக, தம்பியைச் சோதிக்க வேண்டாம் என்று சொல்வேனா? பஸ்ஸில் என் பிள்ளைகள் போகிறார்கள். ஓட்டுகிறவன் எவனாக இருந்தாலும் சோதியுங்கள். அந்தப் பையைக் கொண்டுவந்து கொடுத்தவனையும், ஐம்பது மணித்தியாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனையும் சேர்த்து வரிசையில் நிறுத்துங்கள்.

சும்மா வந்தவன் | புதன், மாலை 6.05

அக்கா, "டயர்" என்பதைப் படித்த பிறகு பகிடி விட வரவில்லை.

நிரல் கூலி | புதன், இரவு 9.40

அக்கா சொன்ன கருவியை நானே செய்திருக்கலாம். லொறிக்கு இல்லை, கந்தோருக்கு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மென்பொருள் எழுதினோம். ஊழியரின் கணினியில் உட்கார்ந்துகொண்டு மவுஸ் எத்தனை முறை அசைந்தது, விசை எத்தனை முறை அழுந்தியது, எத்தனை நிமிடம் அமைதி என்று எண்ணும். வெறும் எண்ணிக்கை, நாலாம் வகுப்புக் கணிதம். விற்கும்போது மட்டும் அதற்குச் "செயற்கை நுண்ணறிவு" என்று பெயர் வைத்தார்கள், விலை மூன்று மடங்காகியது. அமைதி ஆறு நிமிடத்தைத் தாண்டினால் பெயர் செம்மஞ்சளாகும், பன்னிரண்டைத் தாண்டினால் சிவப்பு. ஊழியர்கள் என்ன செய்தார்கள்? மவுஸைத் தானாக ஆட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தட்டு ஒன்று இருக்கிறது, அதை வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பணமில்லாத ஒருவர் மேசை விசிறியின் கழுத்தில் மவுஸைக் கட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். ஒரு மாதம் அவர்தான் பட்டியலில் இரண்டாவது.

முதலாவதாக வந்தவர் பதினோரு மணித்தியாலம் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை. சுவரில் படம் மாட்டி, "மாதத்தின் நட்சத்திரம்" என்று கேக் வெட்டினார்கள். அவர் எதனால் ஓயவில்லை என்பது அவருடைய மாடியில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் மென்பொருளுக்குத் தெரியாது. நடுச்சாமக் கணக்கனின் இழுப்பறைக்காரர்கள் எங்கள் திரையில் முழுப் பச்சையாக இருப்பார்கள்; இருமிக்கொண்டு எழுந்து போகிற காவலாளி சிவப்பு. ஒரு கையால் குப்பி நீட்டுகிறார்கள், மறுகையால் அதே குப்பியில் மாட்ட வேண்டியவனுக்குக் கேக் ஊட்டுகிறார்கள்.

மேலே போகப் போக விதி இன்னும் இளகும். 2018 இல் எலான் மஸ்க் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த நேர்காணலில் கஞ்சா புகைத்தார். அதற்குப் பிறகு நாசா அவருடைய ஸ்பேஸ்எக்ஸில் வேலைத்தளப் பாதுகாப்பை ஆராய உத்தரவிட்டது. புகைத்தவர் ஒருவர், கேள்விகள் ஊழியர்களுக்கு. பத்திரிகைகளில் வாசித்து நான் சிரித்தேன். அப்போது எனக்குத் தெரியவில்லை, நான் எழுதப்போகும் மென்பொருளும் அதே ரகம் என்று.

எல்லாவற்றையும் கணினிமயமாக்கினால் நாடு திருந்தும் என்பவர்களுக்கு ஒரு ஞாபகமூட்டல்: 2023 இல் அரச மின்னஞ்சல்கள் மே 17 இலிருந்து ஓகஸ்ட் 26 வரை அப்படியே அழிந்தன, கப்பம் கேட்கும் நிரலின் கைவரிசை; அந்தக் காலத்துக்கு வேறிடத்தில் பிரதி இல்லை. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுதும் இருண்டபோது பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு என்றார்கள். அந்தக் குரங்கையாவது சோதித்தார்களா?

மருதானைப் பழசு | புதன், இரவு 10.15

குரங்குக்குத் தொழிற்சங்கம் இல்லை, அதனால் பழி அதன்மேல்.

இன்னொரு விஷயம் யாரும் கேட்கவில்லை. ஐயாவின் பட்டை முடிவை எங்கே எழுதினார்கள்? எந்தக் கொப்பியில்? யாரிடம் போகும்? எங்கள் தலைமுறைக்குப் பட்டியல் என்றால் வயிற்றில் ஒரு குளிர். யுத்த காலத்தில் கொழும்பில் தமிழ் வீட்டுக்கு ஊரிலிருந்து மைத்துனர் வந்தால்கூடப் படிவம் நிரப்பிப் பதிய வேண்டும். எங்கள் வீட்டில் அந்தப் படிவத்தைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தோம். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடுத்தது. யார் எந்த அறையில் என்று தேட அவர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. லொட்ஜ் பதிவுகளை எழுதி வைத்திருந்தவர்கள் நாங்கள்தானே.

இன்றைக்குக் குப்பிக் கணக்கு, நாளைக்கு டிஜிட்டல் அடையாள அட்டை. நல்லதற்குத்தான் என்பார்கள். இருக்கலாம். கொப்பி எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒன்றேமுக்கால் வருடம் | வியாழன், அதிகாலை 2.31

இந்த இழையை மூன்று முறை படித்தேன். எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன்.

பெயரைப் பார்த்தாலே புரியும். ஐஸை விட்டு ஒன்றேமுக்கால் வருடம். அதற்கு முன் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் இரவு வேலை. பழம்புத்தகமும் நிரல் கூலியும் எழுதியது சரியாகத்தான் இருக்கும், ஆனால் எல்லாப் பழியையும் வேலை நேரத்தின்மேல் போட்டால் எனக்கு வசதியாகிவிடுகிறது. அந்த வசதி எனக்கு ஆகாது. முதல் தடவை நான் எடுத்தது விழித்திருப்பதற்காக. இரண்டாம் தடவை பிடித்திருந்ததால். வாடிக்கையாளர் கத்தும்போது சிரிக்க முடிந்தது. ஒரு ஒழுங்கையின் அளவு இருந்த என் மூளை காலிமுகத்திடல் அளவுக்கு விரிந்த மாதிரி. விடுமுறை நாளிலும் எடுத்தேன். அன்றைக்கு எந்த முதலாளியும் என்னைக் கேட்கவில்லை.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் எங்கே அனுப்புவார்கள் என்று பயம். 2022 ஜூனில் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவன் நான். சிகிச்சை என்ற சொல்லும் முள்வேலியும் என் தலைக்குள் ஒன்றாக ஒட்டிவிட்டன. கடைசியில் சின்னம்மாதான் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போனார். அங்கே வேலி இல்லை. ஒரு மேசை, ஒரு விசிறி, என் கண்ணைப் பார்த்துப் பேசாமல் எழுதிக்கொண்டே கேட்ட ஒரு மனிதர். கண்ணைப் பார்க்காததால்தான் என்னால் சொல்ல முடிந்தது. முதல் இரண்டு கிழமை தூங்கினேன், சாப்பிட்டேன், அழுதேன், மறுபடி தூங்கினேன். அவ்வளவுதான்.

சோதனை வேண்டுமா என்று சண்டை பிடிக்கிறீர்கள். என்னை ஒருமுறை சோதித்தார்கள், தப்பிவிட்டேன். எப்படி என்று இங்கே எழுதமாட்டேன். அன்று நான் மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும், சின்னம்மாவிடம் ஓர் ஆறு மாதம் முன்னதாகப் போயிருப்பேனா, அல்லது இன்னும் அதிகமாக எடுத்திருப்பேனா தெரியாது. கிராண்ட்பாஸ் அக்கா, தம்பியிடம் "டயர்" பற்றி நீங்கள் கேட்டுவிட்டீர்களா? கேட்காவிட்டால் கேளுங்கள். கத்தாமல்.

கிராண்ட்பாஸ் அக்கா | வியாழன், காலை 5.20

இன்னும் கேட்கவில்லை. கொப்பியை மட்டும் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன்.

குளிசைக்கடை | வியாழன், காலை 9.10

அக்கா, 1927 என்ற இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனைத் தொலைபேசி. அரசாங்கத்தை இவ்வளவு திட்டிவிட்டு அதன் இலக்கத்தையே கொடுக்கிறேன் என்று மருதானை ஐயா சிரிக்கட்டும்.

நடுச்சாமக் கணக்கன், காவலாளி ஐயா எந்த மருந்தைக் குடித்தார் என்று போத்தலின் முன்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். கோடீன் உள்ளதென்றால், எழுதிக் கொடுத்த வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடலாம்.

நடுச்சாமக் கணக்கன் | சனி, அதிகாலை 3.15

தாமதத்துக்கு மன்னியுங்கள், மாதக் கடைசி.

மூன்று நாள் நேற்றோடு முடிந்தது. வாசலில் புதுக் காவலாளி. ஐயா எங்கே என்று கேட்டேன். அவர் எங்கள் நிறுவனத்தின் ஊழியரே இல்லையாம், ஒப்பந்தக்காரரின் ஆளாம். எட்டு வருடமாக அந்த வாசலில் நின்றவர். ஒப்பந்தக்காரர் அவரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டார், எங்கே என்று புதியவருக்குத் தெரியாது. மறு சோதனை கேட்கலாம், செலவு சொந்தக் காசில் என்று சொன்னார்களாம்; ஐயா வேண்டாம் என்றுவிட்டாராம். குப்பிக் கணக்கு எங்கே என்று மனிதவளப் பிரிவில் கேட்டேன். "ஏன் கேட்கிறீர்கள்?" என்றார்கள். அதோடு வந்துவிட்டேன், அது என் கோழைத்தனம்.

இரண்டாம் கட்டம் பெப்ரவரிக்குப் பிறகு என்று புதுச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. படிவங்கள் முடியட்டும் என்றுதான் இருக்கும்.

ஐயாவின் தொலைபேசி அடைத்துக் கிடக்கிறது. வத்தளையில் அந்தோனியார் கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் வீடு என்று ஒருமுறை சொன்னது ஞாபகம். ஞாயிறு பின்னேரம் போய்ப் பார்க்கிறேன். குளிசைக்கடை அக்கா, போத்தல் கிடைத்தால் படம் அனுப்புகிறேன்.

இப்போது ஆட்டோவுக்காக வாசலில் நிற்கிறேன். புதியவர் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மேலே ஒரு கமெரா புதிதாகப் பூட்டியிருக்கிறார்கள்.